சுன்னாகத்துக்கு வந்த பாய்மரம்

காலை ஆறு இருபத்தைந்து. சுன்னாகம் சந்தி. தை மாதத்துப் பனி இன்னும் விலகவில்லை. முதலில் கண்ணில் பட்டது ஒரு மரத்தின் முனை. புத்தூர்ப் பக்கத்து வீதியிலிருந்து இடுப்பு உயரத்தில் அது மட்டும் தனியாக மிதந்து வந்தது. பிறகு மரம் வந்தது. மரம் வந்துகொண்டே இருந்தது. முன்பாகம் ஒரு சைக்கிளின் கரியரில் கட்டப்பட்டிருந்தது. அடிப்பாகம் வெகுதூரம் பின்னால் இன்னொரு சைக்கிளின் கரியரில் இருந்தது. முன் சைக்கிளை நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் உருட்டினார். பின் சைக்கிளை அவருடைய தம்பி உருட்டினார். சந்தியில் திரும்ப வழியில்லை. வெங்காய வண்டில்கள் நின்றன. மண்ணெண்ணெயில் ஓடும் மினி பஸ் ஒன்று புகை கக்கியபடி நின்றது.

"உது என்ன தங்கச்சி, கோயில் கொடிமரமோ?" என்று ஒரு மரக்கறி வியாபாரி கேட்டார்.

"தோணீன்ரை பாய்மரம்."

"சுன்னாகத்துக்கு எப்ப கடல் வந்தது?"

"வெங்காயத்துக்குத் தண்ணி வந்தாப் போதும் அண்ணை. கடல் பிறகு வரட்டும்."

சந்தை சிரித்தது. நான் விலை கேட்பதை விட்டுவிட்டு மரத்தின் பின்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன்.

ஓய்வு பெற்ற பிறகும் இடைக்கிடை பத்திரிகை அலுவலகத்துக்குப் போவேன். இன்றைய நிருபர்களுக்குச் சந்தை விலை தொலைபேசியில் வந்து விழுகிறது. அவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: அந்தக் காலத்தில் எழுதியவற்றில் எதை உங்களால் இன்னும் மறக்க முடியவில்லை? குண்டு விழுந்த கதையை எதிர்பார்க்கிறார்கள். அவற்றையும் எழுதினேன்தான். ஆனால் மறக்க முடியாதது, மகிழ்ச்சியோடு எழுதியது, இந்தப் பாய்மரத்தைத்தான்.

எண்பத்து மூன்றில் ஒப்புநோக்குநராகச் சேர்ந்தேன். நான்கு வருடம் மற்றவர்களின் எழுத்துப் பிழைகளைத் திருத்தினேன். பிறகு சந்தைப் பகுதி என் தலையில் விழுந்தது. வேறு யாரும் விரும்பாத வேலை அது. எனக்கோ சரித்திரப் புத்தகங்களில் பைத்தியம். நைல் கரையில் எப்படி அரசு தோன்றியது, ஒல்லாந்தர் காலத்தில் எங்கள் புகையிலை எந்தக் கடல் தாண்டியது என்று வாசித்துக்கொண்டிருந்த எனக்கு, வெங்காய விலை சலிக்கவில்லை.

விலை எடுக்கக் கற்றுத்தந்தவர் செய்தி ஆசிரியர் சிவகுரு அண்ணை. சந்தையில் "என்ன விலை?" என்று கேட்கக் கூடாது, "என்னத்துக்கு வித்தது?" என்றுதான் கேட்க வேண்டும் என்பது அவர் சட்டம். சொல்லும் விலை ஆசை, கொடுத்த விலைதான் செய்தி. விற்றவரிடம் கேட்க வேண்டும், வாங்கியவரிடம் கேட்க வேண்டும், பிறகு இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத வண்டில்காரரிடம் கேட்க வேண்டும். மூன்றும் ஒத்துவந்தால் எழுதலாம். எழுதியதை அவர் நின்றபடி வாசிப்பார். ஒவ்வொரு வசனத்துக்கும் அவரிடம் ஒரு கேள்வி இருக்கும்: "ஆர் சொன்னது? நீர் பாத்தனீரோ?" பிடிக்காவிட்டால் கிழிக்க மாட்டார், திட்ட மாட்டார். தாளைத் திருப்பி, எழுதாத பக்கம் மேலே தெரியும்படி நீட்டுவார்.

"பின்பக்கம் இருக்கு."

அவ்வளவுதான் தீர்ப்பு. தாள் கிடைக்காத காலம் அது. போரால் தெற்கிலிருந்து வரும் பாதை மூடப்பட்டிருந்தது. மண்ணெண்ணெய், டீசல், பற்றரி, அச்சுத் தாள் எதுவும் தாராளமாக உள்ளே வராது. எங்கள் பத்திரிகை பள்ளிக்கூடக் கொப்பியின் கோடு போட்ட தாளில் வந்தது. மின்சாரமில்லாத அச்சு இயந்திரத்தை இரண்டு பேர் கையால் சுற்றினார்கள்.

பாய்மரத்தைக் கொண்டுபோன பெண்ணின் பெயர் பரமேஸ்வரி. தம்பி குணம். சந்தையிலிருந்து கொஞ்சத் தூரத்தில் அவர்களின் தோட்டம். கணவர் பாதை மூடுவதற்கு முன் கொழும்புக்குப் போனவர், திரும்ப முடியவில்லை. நட்டு இரண்டு கிழமையான வெங்காயம் பாத்திகளில் நின்றது. மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விடாவிட்டால் இலைத் தாள் சுருளும். இன்னும் இரண்டு நாள் தாமதித்தால் பயிர் இல்லை. அந்தப் பயிர் போனால் அடுத்த போகத்துக்கு நடுவதற்கு வெங்காயமும் இல்லை, வீட்டில் வேறு வருமானமும் இல்லை.

கிணறு பங்குக் கிணறு. ஆறு பேருக்குச் சொந்தம். இறைக்கிற மிசின் ஒன்றுதான். அது மயில்வாகனம் என்ற பங்காளியுடையது. முன்பு ஆளுக்கு ஒரு முறை என்று ஒழுங்காக ஓடியது. மண்ணெண்ணெய்க்குப் பெர்மிட் வந்த பிறகு எல்லாம் மாறிவிட்டது. பெர்மிட் கிணற்றுக்கு அல்ல, மிசினுக்கு. மிசின்காரர் கூட்டுறவுச் சங்கக்கடையில் எண்ணெய் வாங்குவார். முதலில் தன் தோட்டத்துக்கு இறைப்பார். மிஞ்சினால் மற்றவர்களுக்கு. அந்தக் கிழமை மிஞ்சவில்லை.

ஆகவே பரமேஸ்வரி துலா போட முடிவெடுத்தார். மிசின் வருவதற்கு முன் எல்லாக் கிணற்றிலும் துலா நின்றது. நீண்ட மரம் ஒன்றை நடுவில் தாங்கி, அதன்மேல் ஆள் முன்னும் பின்னும் நடக்க, ஒரு நுனியில் தொங்கும் இறைவாளியான பட்டை கிணற்றுக்குள் இறங்கித் தண்ணீரோடு ஏறும். தாங்குகால்களாக ஒரு காலத்தில் நட்ட பூவரசுகள் இரண்டும் துளிர்த்து மரமாகி அங்கேயே நின்றன. ஆனால் துலா மரம் இல்லை. எல்லோரும் எப்போதோ விறகாக்கிவிட்டார்கள். அந்த நீளத்துக்கு நேரான மரம் எங்கே கிடைக்கும்? வன்னிக் காட்டிலிருந்து கொண்டுவர வழியில்லை.

பருத்தித்துறைக் கரையில் கிடைத்தது. அங்கே கதிரவேல் என்ற கடற்றொழிலாளியின் வீட்டு வளவில், அவருடைய பாட்டனார் சரக்கு ஏற்றி இந்தியக் கரைக்கு ஓடிய தோணியின் பாய்மரம் கிடந்தது. கடவுச்சீட்டும் சுங்கமும் வந்து அந்த ஓட்டத்தை நிறுத்திய நாளிலிருந்து மரம் வேலியோரம் கிடந்தது. இவருடைய சின்ன வள்ளத்துக்கு அது பொருந்தாது.

பேரம் எப்படி முடிந்தது என்பதைக் குணம் எனக்கு வழியிலேயே சொன்னார். காசு கேட்கப்படவில்லை.

"கிணத்தடியிலை ரெண்டு பாத்தி. அதிலை விளையிறது முழுக்க அவருக்கு. விளையாட்டி ஒண்டுமில்லை. அக்கா அப்பிடித்தான் சொன்னவ."

"அதுக்கு அவர் சம்மதிச்சவரோ?"

"சிரிச்சவர். எங்கடை கடலிலையும் உப்பிடித்தான் எண்டவர். மீன் பிரிக்கேக்கை ஆளுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, வள்ளத்துக்கு ஒரு பங்கு. அப்ப மரத்துக்கும் ஒரு பங்கு."

நான் சைக்கிளை நிறுத்திவிட்டேன். கடலின் பங்கு முறை தோட்டத்துக்குள் நுழைந்துவிட்டது. அதை என் காதாலேயே கேட்டேன். நைல் கரையில் மூவாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன்பு இதுபோன்ற துலாவால்தான் இறைத்தார்கள். தண்ணீருக்கு முறை வேண்டும், முறைக்கு ஒரு காவல் வேண்டும், காவலுக்கு விளைச்சலில் பங்கு வேண்டும், பங்கை அளக்கக் கணக்கு வேண்டும். அரசும் சந்தையும் எழுத்தும் இப்படித்தான் பிறந்தன என்று புத்தகத்தில் படித்ததெல்லாம் இரண்டு சைக்கிள்களில் என் முன்னால் போய்க்கொண்டிருந்தது.

இதையெல்லாம் அப்படியே எழுதிக்கொண்டு யாழ்ப்பாணம் போனேன். சிவகுரு அண்ணை நின்றபடி வாசித்தார்.

"நைல்காரர் எங்கடை பேப்பர் வாங்கிறவையோ?"

"இல்லை அண்ணை."

"பரமேஸ்வரி?"

"பக்கத்து வீட்டிலை இரவல் வாங்கி வாசிக்கிறவ."

"அப்ப அவவுக்கு எழுதும்." தாளைத் திருப்பினார். "பின்பக்கம் இருக்கு."

பின்பக்கத்தில் பன்னிரண்டு வரி எழுதினேன். அது அச்சில் வந்தது.

துலா ஏறிய அன்று பரமேஸ்வரியின் பாத்திகளில் பாதிக்குத் தண்ணீர் போனது. சிக்கல் வெள்ளிக்கிழமை வந்தது. அந்தக் கிணற்றிலிருந்துதான் வெள்ளி தோறும் பக்கத்துப் பிள்ளையார் கோயிலுக்கு அபிஷேகத் தண்ணீர் எடுப்பது வழக்கம். ஐயர் குடத்தோடு வந்து எட்டிப் பார்த்தார். தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் வட்டம் வட்டமாக எண்ணெய்.

தோணி மரங்களுக்குச் சுறா எண்ணெய் பூசுவார்கள். உப்புக் காற்று அரிக்காமல் இருக்க, வருடா வருடம், ஊற ஊறப் பூசுவார்கள். வேலி நிழலில் கிடந்தவரை அது மரத்துக்குள் இருந்தது. சுன்னாகத்து வெயிலில் உச்சியில் நின்றதும் கசிந்து சொட்டத் தொடங்கிவிட்டது. கடற்கரையில் பிறந்த எவருக்கும் இது தெரிந்திருக்கும். தோட்டக்காரர் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் போனபோது பங்காளிகள் பூவரசின் கீழ் கூடியிருந்தார்கள். தன் இரண்டு பாத்தியும் எப்படி நிற்கிறது என்று பார்க்க வந்த கதிரவேலும் ஒரு பக்கம் குந்தியிருந்தார். மயில்வாகனம் ஒரு வாளித் தண்ணீரை அள்ளி, முகர்ந்து, எல்லோருக்கும் முன்னால் வைத்தார்.

"சைவக் கிணத்துக்கை சுறா. இதுக்கு மேலை நான் என்ன சொல்ல? மரத்தை இறக்குங்கோ."

"இறக்கினால் என்ரை வெங்காயம்?" என்றார் பரமேஸ்வரி.

"அது உன்ரை பாடு. ஆறு பங்குக் கிணறு இது. ஏழாவது பங்கைக் கடல்காரனுக்குக் குடுக்க உனக்கு ஆர் சொன்னது?"

"கிணத்திலை குடுக்கேல்லை. என்ரை பாத்தியிலை குடுத்தனான்."

"எண்ணெய் கிணத்துக்கைதானே விழுகுது."

பரமேஸ்வரி மிசினைப் பார்த்தார். கிணற்றுக் கட்டின்மேல், அதன் கீழ்க் கல் முழுவதும் கறுப்பாக, இருபது வருடத்துக் கசிவோடு அது இருந்தது.

"மயில்வாகனண்ணை, உங்கடை மிசின் இவ்வளவு நாளும் ஒழுக்கினது என்ன, நல்லெண்ணெயோ?"

குணம் முதலில் சிரித்தார். பிறகு மற்றவர்கள். ஐயர் சால்வையால் வாயை மூடிக்கொண்டார்.

"அது கம்பனி எண்ணெய்," என்றார் மயில்வாகனம். "அதுக்கு உயிர் இல்லை."

"இந்தச் சுறாவுக்கும் இப்ப உயிர் இல்லை ஐயா," என்றார் கதிரவேல். "செத்து நாப்பது வருஷம்."

திரும்பவும் சிரிப்பு. ஆனால் சிரிப்பால் ஒன்றும் தீரவில்லை. கோயில் தண்ணீர் என்ற சொல்லை எவராலும் தாண்ட முடியவில்லை. ஐயரும் தலையைச் சொறிந்து, எண்ணெய் விழுவது நின்றால்தான் குடம் இறக்கலாம் என்றார். மரத்தை இறக்குவது என்று முடிவாயிற்று. பரமேஸ்வரி வெங்காயப் பாத்திப் பக்கம் திரும்பவே இல்லை. தண்ணீர் போகாத பாதியில் தாள் நுனிகள் மஞ்சளாகச் சுருண்டிருந்ததை நான் பார்த்தேன்.

மரம் இறங்கியதும் கதிரவேல் எழும்பினார். "இறக்கிறதெண்டுதானே கதைச்சனீங்கள். திரும்ப ஏத்தக் கூடாதெண்டு கதைக்கேல்லையே. குணம் தம்பி, காஞ்ச பனையோலை கொண்டுவாரும். சுண்ணாம்பும் சாம்பலும் வேணும்."

பனையோலையைக் கொளுத்தி மரத்தின் கீழே நகர்த்தினார். வள்ளத்தின் அடியை வாட்டுவதுபோல ஒரு சாண் விடாமல் வாட்டினார். எண்ணெய் பொங்கிப் பொங்கி வெளியே வந்தது. சாம்பலும் சுண்ணாம்பும் கலந்து தேய்த்தார், துடைத்தார், மறுபடி வாட்டினார். தோட்டமே மீன் சந்தைபோல மணத்தது. மயில்வாகனம் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார், ஆனால் போகவில்லை. பிறகு கதிரவேல், கிணற்றுக்கு மேலே நிற்கிற பாகத்தைச் சுற்றி, தன் சைக்கிளில் இருந்த பழைய பாய்ச்சீலையை இறுக்கிக் கட்டினார். அடுத்து, மரம் முழுவதும் கால் வைக்கிற இடைவெளிக்கு இடைவெளி கயிற்றால் வரிந்தார்.

"உது எதுக்கு?" என்று ஐயர் கேட்டார்.

"சீலை எண்ணெயைக் குடிக்கும். கயிறு காலைப் பிடிக்கும்."

பொழுது சாயுமுன் மரம் திரும்ப ஏறியது. ஐயர் கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டே நின்றார். புதிதாக ஒரு துளியும் விழவில்லை. குடத்தைக் கிணற்றுக் கட்டின்மேல் வைத்தார். அதுவே அனுமதி என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த நாள் காலை இன்னொரு உண்மை தெரிந்தது. துலா ஏறிய அன்று அதை மிதித்த கூலியாள் எண்ணெய் வழுக்கலில் கால் பிசகிப் படுத்துவிட்டார். குணம் பட்டை பிடிக்கத்தான் பழகியிருந்தார். மிசினோடு வளர்ந்த மற்ற எவருக்கும் அந்த உயரத்தில் நடக்கத் தெரியவில்லை. மேலே ஏறிய ஓர் இளைஞர் நடுவில் குந்தி மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "இறக்கிவிடுங்கோவன்" என்று கெஞ்சினார்.

கதிரவேல் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். கையில் பிடி எதுவும் இல்லை. கிணற்றை நோக்கி நடந்தார். மரம் சரிந்தது, பட்டை இறங்கியது. திரும்பி நடந்தார்; பட்டை தண்ணீரோடு ஏறியது. காற்று அடிக்கும்போது உடம்பைச் சற்று வளைத்துக்கொண்டார்.

"பயமில்லையோ அண்ணை?" என்று கீழேயிருந்து குணம் கத்தினார்.

"இஞ்சை கிணறு ஒரு இடத்திலை நிக்குதே. கடல் அப்பிடி நிக்கிறேல்லை."

குணம் பட்டையைச் சாய்த்தார். வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. பரமேஸ்வரி மண்வெட்டியால் பாத்தி பாத்தியாகத் திருப்பிவிட்டார். கதிரவேலின் இரண்டு பாத்திக்கு அவர் கடைசியாகத்தான் தண்ணீர் விட்டார். மேலேயிருந்து கதிரவேல் அதைக் கவனித்தார்.

"எங்கடை பாத்தி கிட்டக் கிடக்க, தூரத்துக்கு முதல் விடுறியள்?"

"கடைமடைக்கு முதல் போகவேணும். கிட்டக் கிடக்கிறதுக்கு எப்பிடியும் போகும்."

நான் எழுதிக்கொண்டே இருந்தேன். ஒரு சட்டம் என் முன்னால் வாய்மொழியாகப் பிறந்திருந்தது.

அதை அன்றே போட வேண்டும் என்று சிவகுரு அண்ணையிடம் வாதாடினேன்.

"மிசின்காரர் என்ன சொல்லுறார்?"

"அவர் முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறார்."

"அது செய்தியில்லை. தீராத வழக்கைப் போட்டால் நாங்களும் ஒரு பக்கம். பொறும்."

பொறுத்தேன். கதிரவேல் மூன்று நாள் தங்கி இரண்டு இளைஞர்களுக்கு மிதிக்கப் பழக்கிவிட்டுக் கரைக்குத் திரும்பினார். மறு கிழமை சங்கக்கடைக்கு மண்ணெண்ணெய் வரவில்லை. அதற்கு அடுத்த கிழமையும் இல்லை. நான் விலை எடுத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போன ஒரு காலை, மயில்வாகனம் பூவரசின் கீழ் வந்து நின்றார்.

"பரமேசு, நாளைக்கு எனக்கொருக்கால் துலா வேணும்."

"தாறன் அண்ணை. தண்ணி எடுக்கிறவை மற்றாளுக்கும் ஒருக்கால் மிதிக்கவேணும். அதுதான் இப்ப ஒழுங்கு."

"என்ரை மகனை விடுறன்."

"நல்லது. முறையிலை நீங்கள் நாலாவது."

"நாலாவதோ?"

"முதல் மூண்டு பேரும் போன மாசம் தண்ணி இல்லாமல் நிண்டவை." மண்வெட்டியை ஊன்றிக்கொண்டார். "இன்னொண்டு. எண்ணெய் வந்தால் மிசினும் உந்த முறையிலைதான் ஓடவேணும்."

"மிசின் என்ரை."

"ஓம். கிணறு ஆரின்ரை?"

மயில்வாகனம் சாக்குப் போட்டு மூடியிருந்த மிசினைப் பார்த்தார். தன் வீட்டுப் பக்கம் நடந்தார். நான் சந்தைக்குத் திரும்பவில்லை. பின்னேரம் வரை வேலியோரம் நின்றேன். வெயில் தாழ்ந்த நேரம் அவர் வந்தார், பின்னால் மகனும் வந்தார்.

"இவனுக்கு மிதிக்கப் பழக்கிவிடுங்கோ," என்றார் குணத்திடம். நாலாவது முறை வரும்வரை காத்திருந்தார்.

பிறகு மண்ணெண்ணெய் வந்தது. மிசின் முறைப்படி ஓடியது. முறையைப் பார்க்கிற ஆள் பரமேஸ்வரி என்று ஒருவரும் தீர்மானம் போடவில்லை. எல்லோரும் அவரிடம் போய்க் கேட்டார்கள், அவ்வளவுதான். இரண்டு பத்தியில் நான் எழுதியதைச் சிவகுரு அண்ணை வாசித்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தாளைத் திருப்பாமல் அச்சுக் கோப்பவரிடம் நேரே கொடுத்தார். அந்த அலுவலகத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அது.

செய்தி வந்த பின்னர் நடந்தது எனக்கு இன்னும் வியப்பு. கோண்டாவில்காரர் ஒருவர் பாய்மரம் தேடிக் கரைக்குப் போனார். உரும்பிராய்க்கு ஒன்று போனது. திருவிழா போலச் சனம் வீதியோரம் நின்று பார்த்தது. போகும்போது சைக்கிள்களில் வெங்காயமும் பூசணிக்காயும், வரும்போது மரம். மூன்றாவது மரம் போன அன்று சிவகுரு அண்ணை என்னைக் கூப்பிட்டார்.

"ஒரு சாமான் ஒருக்கால் கைமாறினால் செய்தி. மூண்டு தரம் மாறினால் விலை. பட்டியலிலை சேரும்."

அப்படித்தான் சுன்னாகம் சந்தை விலைப் பட்டியலில், கத்தரிக்காய்க்கும் புடலங்காய்க்கும் கீழே, கோடு போட்ட கொப்பித் தாளில், 'பாய்மரம்' என்று ஒரு வரி வந்தது. விலை ரூபாயில் அல்ல, வெங்காய மூட்டையில். அந்த மூட்டைக் கணக்கையும் நான் மூன்று பேரிடம் கேட்டுத்தான் எழுதினேன். விற்றவர், வாங்கியவர், வழியில் தேத்தண்ணி கொடுத்த அச்சுவேலிக் கடைக்காரர்.

பங்குனியில் வெங்காயத்தைக் கிண்டி எடுத்தார்கள். பரமேஸ்வரியின் பயிரில் சுருண்ட தாள்கள் சிறுத்த வெங்காயம் தந்தன. மற்றவை நன்றாக விளைந்திருந்தன. விதைக்கென்று அவர் முதலில் கட்டித் தொங்கவிட்டது போக, மிச்சம் சந்தைக்கு வந்தது. கதிரவேலின் இரண்டு பாத்தி வெங்காயத்தையும் பிடி பிடியாகக் கட்டி, அவர் வரும்வரை தனியாக வைத்திருந்தார்.

கதிரவேல் வந்தார். இந்த முறை அவர் முகத்தில் வேறு கவலை இருந்தது. கரையிலும் எண்ணெய் இல்லை. இயந்திரங்களைக் கழற்றி வைத்துவிட்டு எல்லோரும் பாய் கட்டத் தொடங்கியிருந்தார்கள். பெரிய தோணி மரங்களை நடுவால் கீறிச் சின்ன வள்ளங்களுக்குப் பாய்மரம் செய்தார்கள்.

"முந்தநாள் கரையிலை கூடிக் கதைச்சனாங்கள்," என்றார். "இனி ஒரு மரமும் கரையை விட்டு வெளியாலை போகாது. கொண்டுபோனால் வீதியை மறிப்பம்."

"அப்ப இதையும் திருப்பிக் கேப்பியளோ?" என்று பரமேஸ்வரி துலாவைக் காட்டினார்.

கதிரவேல் மேலே பார்த்தார். மயில்வாகனத்தின் மகன் மிதித்துக்கொண்டிருந்தார். கையில் பிடி இல்லாமல்.

"உது வித்த மரம்," என்றார். "அடுத்த போகத்துக்கும் ரெண்டு பாத்தி தருவியளோ, அதைச் சொல்லுங்கோ."

"ஒரு பாத்தி."

"ஒண்டும் விதை வெங்காயமும்."

"கடற்கரை மணலிலை வெங்காயம் நடப்போறியளோ?"

"சுன்னாகத்திலை பாய்மரம் நிக்குது. பருத்தித்துறையிலை வெங்காயம் நிண்டால் என்ன?"

விதை வெங்காயத்தில் ஒரு பிடியை அவிழ்த்து அவருடைய சைக்கிளில் பரமேஸ்வரியே கட்டினார். நான் சந்தைக்குத் திரும்பி மூன்று பேரிடம் விலை கேட்டேன்.

அடுத்த நாள் பட்டியலின் முதல் வரி: வெங்காயம், நல்ல வரத்து. கடைசி வரி: பாய்மரம், வரத்து இல்லை.